ஃபைலைக் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 33. காரைக்குடியில் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தின் கிளையில் எட்டு வருஷமாக ஆபரேஷன்ஸ் பிரிவில் இருக்கிறேன். பத்திரங்களைச் சரிபார்ப்பது என் வேலை. போன வருஷம் ஒரு பழைய வீட்டுப் பத்திரத்தில் பங்காளி ஒருவருடைய கையெழுத்து விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். பாராட்டு சேல்ஸ் ஆபீஸருக்குப் போனது. எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் கிளை மேலாளர் ஆகிவிட்டார்கள்.

இந்த மார்ச்சில், மகளிர் தினத்தன்று, பெண் ஊழியர்களுக்கென்று ஒரு மென்டரிங் திட்டம் தொடங்கினார்கள். எனக்கு வழிகாட்டி சென்னை அலுவலகத்தில் இருக்கும் ஓர் உயர் அதிகாரி. ஆறு மாதம், மாதம் இரண்டு வீடியோ அழைப்பு. பாதி முடிந்துவிட்டது. நல்ல மனிதர்தான். "தன்னம்பிக்கை வேணும், குரலை உயர்த்திப் பேசணும், இங்கிலீஷ் பழகணும்" என்கிறார். அவருக்கு நேரம் கிடைப்பது ராத்திரி எட்டு மணிக்கு மேல். கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார். "இந்நேரத்துல எந்த ஆம்பளையோட பேச்சு?" என்கிறார் மாமியார். மேனேஜரோ, "உங்களுக்கென்னம்மா, மேலிடத்துச் செல்வாக்கு" என்று குத்துகிறார். பிரமோஷன் வந்தாலும் மதுரைக்கோ திருச்சிக்கோ மாற்றுவார்கள். மகள் இரண்டாம் வகுப்புதான் படிக்கிறாள். இதிலிருந்து விலகிவிடலாமா? பெண் வழிகாட்டி வேண்டும் என்று கேட்டால் தப்பா?

- பெயர் வேண்டாம், காரைக்குடி

பதில்: விலக வேண்டாம். ஆனால் இதுவரை பேசியது போலத்தான் மீதி மூன்று மாதமும் பேசப்போகிறீர்கள் என்றால், பேசாமல் விலகிக்கொண்டு அந்த நேரத்தில் மகளுக்குக் கதை சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை மாமியார்தான் கண்ணில் பட்டார். இரண்டாம் தடவைதான் அந்தப் பங்காளி கையெழுத்து கண்ணில் பட்டது. போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நம் பக்கத்தில் வீட்டை வைத்துக் கடன் கொடுக்கிறவர்களுக்கு அதுதானே உயிர்நிலை! ஒரு பழைய வீட்டுக்கு இருபது, முப்பது பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் மலேசியாவில், ஒருவர் கோயம்புத்தூரில், இன்னொருவர் இருக்கிறாரா இல்லையா என்பதே யாருக்கும் தெரியாது. தாய்ப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் ஒரு கையெழுத்து குறைவதைப் பிடித்திருக்கிறீர்கள். உங்களைப் பார்த்து ஒருவர் தன்னம்பிக்கை போதாது என்கிறார் என்றால், உங்கள் வேலை என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆறு அழைப்பில் ஒரு தடவையாவது இந்த விஷயத்தை அவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். எனக்குத் தெரியும், நானும் சொல்லாதவள்தான்.

1981-ல் வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். ஏழு வருஷம் சேவிங்ஸ் கவுண்டர். பெண் உட்கார்ந்தால் வரிசை சத்தம் போடாமல் நிற்கும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. கடன் கொடுக்கும் அட்வான்ஸ் செக்ஷன் ஆண்களுக்கு. பிரமோஷன் நேர்முகத்தில் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் அட்வான்ஸ் பற்றித்தான் இருக்கும். அந்த மேசைப் பக்கமே போகாதவள் என்ன பதில் சொல்ல முடியும்? எனக்குக் குரல் நன்றாகவே இருந்தது. சொல்வதற்குச் சரக்குதான் இல்லை.

எட்டாம் வருஷம் ஒரு மேனேஜர் வந்தார். சிடுமூஞ்சி. எனக்கு ஒரு அறிவுரைகூடச் சொன்னதில்லை. ஒருநாள் காலையில் ஒரு அரிசி ஆலையின் கடன் ஃபைலைக் கொண்டுவந்து என் கவுண்டரில் போட்டார். "நாளைக்கு கல்லல் பக்கம் இந்த மில்லுக்குப் போறோம். ஸ்டாக்கை நீங்க எண்ணி எழுதுங்கம்மா." போனேன். மூட்டைகளை நீளம், அகலம், உயரம் என்று எண்ணிப் பெருக்கி அழகாக எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. "குத்தூசி எங்கே?" என்றார். மூட்டையைக் குத்தி உள்ளே இருக்கும் சரக்கை எடுத்துப் பார்க்கும் ஊசி அது. வெளி அடுக்கில் அரிசி, உள் அடுக்கில் பாதி தவிடு! மில்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் எனக்குச் சொல்லித் தரவில்லை. மறுவாரம் இன்னொரு ஃபைல். அதற்கடுத்து இன்னொன்று. வருஷக் கடைசியில் என்னைப் பற்றி அவர் மேலிடத்துக்கு என்ன எழுதினார் என்று நான் பார்த்ததில்லை. நேர்முகத்தில் இருந்தவர்கள் என்னை "கல்லல் மில் கேஸ் பார்த்தது நீங்கதானா?" என்று கேட்டார்கள்.

என் அப்பா தேவகோட்டையில் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்கப்பிள்ளை. ரங்கூன் கிட்டங்கிக் கதைகளை, அதாவது நகரத்தார் அங்கே வட்டிக்கடை நடத்திய இடத்துக் கதைகளை, அவர் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். பையன் முதலில் பெட்டியடி (பணப்பெட்டி பக்கத்தில் உட்கார்ந்து வேலை பழகுகிறவன்), பிறகு அடுத்தாள் (உதவியாள்), பிறகு மேலாள் (கடைப் பொறுப்பாளர்). ஒரு தடவை போனால் மூன்று வருஷக் கணக்கு. "தம்பி, தன்னம்பிக்கையை வளர்த்துக்கோ" என்று அங்கே யாரும் வகுப்பு நடத்தவில்லை. சிட்டை என்ற அன்றாடக் கணக்கை எழுதச் சொன்னார்கள், தப்பாக எழுதினால் திட்டினார்கள், அடுத்தாள் ஊருக்குக் கப்பலேறியபோது அந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். இந்த ஏற்பாட்டில் பெண்களுக்கு இடம் கிடையாது. அவர்கள் பணத்துக்கு மட்டும் இருந்தது. வீட்டுப் பெண்களான ஆச்சிமாருக்குக் கல்யாணச் சீராக வந்த பணத்தை 'ஆச்சிமார் பணம்' என்று தனிப் பேர் சொல்லி வட்டிக்கு ஓடவிட்டார்கள். பணம் கப்பலேறியது, ஆச்சி ஏறவில்லை. அவர்தான் இங்கே அத்தனை பெரிய வீட்டையும், வரவு செலவையும், கல்யாணம் காட்சியையும் பார்த்துக்கொண்டிருந்தார். கணக்குத் தெரியாமலா?

உங்கள் நிறுவனத் திட்டத்தில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான். பேச்சு இருக்கிறது, பெட்டியடி இல்லை. இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. எர்மினியா இபாரா என்ற மேலாண்மைப் பேராசிரியர் இன்னும் இருவரோடு சேர்ந்து 2010-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பெண்களுக்கு வழிகாட்டிகள் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள், பதவி முடிவாகும் அறையில் அவர்களுக்காக வாய் திறக்கிறவர்கள்தான் போதவில்லை என்பது அதன் சாரம். அதற்கு முன்பே, 2006-ல், அமெரிக்காவில் 708 தனியார் நிறுவனங்களை ஆராய்ந்து மூன்று சமூகவியலாளர்கள் ஒரு முடிவு சொன்னார்கள். வகுப்பு எடுத்ததால் பெண்கள் பெரிதாக மேலே வந்துவிடவில்லை. வழிகாட்டி ஏற்பாடு ஓரளவு உதவியது. 'இது உன் பொறுப்பு' என்று யார் தலையிலாவது கட்டிய இடங்களில்தான் நன்றாகப் பலித்தது. மகளிர் தினத்தன்று கேக் வெட்டி, குரூப் போட்டோ எடுத்துத் தொடங்கிய திட்டத்தில், ஆறு மாதம் கழித்து யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஏதாவது எழுதியிருக்கிறார்களா? ஹெச்.ஆரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்பதாலேயே சிலருக்கு உறைக்கும்.

சரி, உங்கள் காரியத்துக்கு வருவோம். அடுத்த அழைப்புக்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள், ஒரே பக்கம். எட்டு வருஷத்தில் எத்தனை பத்திரம் பார்த்தீர்கள், எத்தனையைத் திருப்பி அனுப்பினீர்கள், ஏன், அதில் எத்தனை லட்சம் ரூபாய்க் கடன் சிக்கலில் போகாமல் நின்றது. அந்தப் பங்காளி கேஸ் முதலில் வரட்டும். தமிழிலேயே எழுதி அனுப்பலாம், அவர் ஒன்றும் லண்டனில் பிறந்தவர் இல்லை. (இங்கிலீஷ் பழகுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வரும்வரை காத்திருக்க வேண்டாம்.) பேச்சு தொடங்கியதும் "சார், எனக்கு கிரெடிட் பக்கம் அனுபவம் இல்லை. இந்த மூன்று மாதத்தில் நான்கு கடன் ஃபைலை ஆரம்பம் முதல் சாங்ஷன் வரை நானே பார்க்கணும். சைட் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகணும். கிரெடிட் கமிட்டி கூடும்போது ஒரு தடவையாவது ஓரமா உட்கார்ந்து கேட்கணும். எங்க மேனேஜருக்கு நீங்க ஒரு மெயில் போட முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். நான்கு என்று எண்ணைச் சொல்லுங்கள். எண் இல்லாத கோரிக்கைக்கு "பார்க்கலாம்மா" என்பதுதான் பதிலாக வரும்.

அவர் அந்த மெயிலைப் போட்டால் நல்ல வழிகாட்டி. போடாமல் மறுபடியும் உடல்மொழி பற்றிப் பேசினால், அவரிடம் மரியாதையை வைத்துக்கொண்டு காரியத்துக்கு வேறு ஆளைப் பாருங்கள்.

மேனேஜர் விஷயத்தில் கொஞ்சம் அவர் பக்கம் நின்றும் யோசிக்கிறேன். தன் கிளைப் பெண் மாதம் இரண்டு தடவை சென்னைப் பெரியவரிடம் பேசுகிறாள், என்ன பேசுகிறாள் என்று தெரியாது. யாருக்கும் வயிற்றைக் கலக்கும். அழைப்பு முடிந்த மறுநாள் காலை, "நேத்து கிரெடிட் ஃபைல் பழகுறதைப் பத்திப் பேசினோம் சார், உங்க உதவி இல்லாம நடக்காதுன்னு சொன்னேன்" என்று இரண்டு வாக்கியம் சொல்லிவிடுங்கள். அவரைப் பற்றிய குறையை மட்டும் அந்த அழைப்பில் சொல்லவே வேண்டாம். சுற்றிக்கொண்டு வரும்.

ராத்திரி எட்டு மணியைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் கேட்பதில் பாதி நியாயம். ஆண் என்பது நியாயமில்லை, நேரம் நியாயம். அலுவலகம் நடத்துகிற திட்டத்துக்கு அலுவலக நேரம்தானே? மத்தியானம் மூன்று மணிக்குக் கிளையில் ஒரு அறையில் உட்கார்ந்து பேசுகிறேன் என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒருநாள் எட்டு மணிக்குத்தான் முடியும் என்றால் ஸ்பீக்கரில் போட்டு மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பேசுங்கள். வில்லங்கச் சான்று பற்றி இருபது நிமிஷம் கேட்டால் அவர் தானாக எழுந்து போய்விடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது விளையாட்டில்லை. உங்கள் வழிகாட்டியைப் பற்றி நீங்கள் எந்தக் குறையும் எழுதவில்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது, வழிகாட்டி என்ற பேரில் ஒருவர் எல்லை மீறினால், அதற்குச் சட்டம் இருக்கிறது. பணியிடத்தில் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும், அதற்குத் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகாரே முதலாளி மேல் என்றாலோ, மாவட்டத்தில் உள்ளூர்க் குழு இருக்கிறது. தொட்டால்தான் குற்றம் என்று இல்லை, ஆபாசமான பேச்சும் படமும் அதில் அடக்கம்.

பெண் வழிகாட்டி கேட்பது தப்பே இல்லை. கூடுதலாகக் கேளுங்கள், இவரை விட்டுவிட்டு வேண்டாம். மேலே பெண்கள் குறைவாக இருக்கும் நிறுவனத்தில் பெண்தான் வேண்டும் என்று உட்கார்ந்தால் காலம் போய்விடும். நம் ஊர் சிக்ரியையே, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தையே பாருங்கள். 1953-ல் திறந்த ஆராய்ச்சி நிலையத்துக்கு முதல் பெண் இயக்குநர் 2019-ல்தான் வந்தார். அந்த கலைச்செல்வி அம்மா தமிழ் வழியில் படித்தவர், அதே சிக்ரியில் தொடக்கநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்தவர். 2022-ல், சிக்ரி போன்ற நிலையங்களை நடத்தும் மத்திய அரசின் சிஎஸ்ஐஆர் முழுவதற்கும் முதல் பெண் தலைமை இயக்குநரானார். மேலே ஒரு பெண் வந்து வழிகாட்டட்டும் என்று அவர் காத்திருக்க முடியுமா? அந்த நிலையத்தில் இயக்குநர் நாற்காலியில் ஒரு பெண்ணைப் பார்க்க அவரே அதில் உட்கார வேண்டியிருந்தது. பெண் என்றாலே ஆதரவாக இருப்பார் என்றும் எண்ணிவிடாதீர்கள். "நான் பட்ட கஷ்டத்தை அவளும் படட்டும்" என்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். மற்றக் கிளைகளில் உங்களைப் போல ஆபரேஷன்ஸில் தங்கிப்போன பெண்கள் நாலைந்து பேர் இருப்பார்கள். ஒரு வாட்ஸ்அப் குழு போதும். யார் எந்த ஃபைல் பார்த்தார்கள், எந்த ஊரில் இடம் காலி என்ற செய்தி அங்கேதான் முதலில் வரும்.

கடைசியாக மாற்றல். என் நேர்முகத்தில், "வெளியூர் போட்டா வீட்டுக்காரர் விடுவாரா?" என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் போன ஆண்கள் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. உங்கள் கணவர் சிங்கப்பூர் புறப்பட்டபோது "பெண்டாட்டி விடுவாளா" என்று யாராவது அவரைக் கேட்டார்களா? ஆனால் கேள்வி நியாயமில்லை என்பதற்காக பதில் இல்லாமல் போய் உட்காராதீர்கள். கணவரிடம் இந்த வாரமே பேசுங்கள். மகள் பள்ளி மாறுவாளா, மாமியார் கூட வருவாரா, இல்லை முதல் வருஷம் நீங்கள் மட்டும் வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வருவீர்களா? மதுரையோ திருச்சியோ, இரண்டு மணி நேரம்தான். சிவகங்கை, புதுக்கோட்டைக் கிளைகளில் இடம் காலியாக இருக்கிறதா என்று விசாரியுங்கள். "போகிறேன், மே மாதத்துக்குப் பிறகு" என்று நிபந்தனையோடு சொல்கிறவருக்கு நிறுவனங்கள் காது கொடுக்கும். "யோசிக்கணும் சார்" என்று சொன்னவருடைய பேர் அடுத்த பட்டியலில் இருக்காது.

பிரமோஷன் விதிகள் அடங்கிய சர்க்குலர் உங்கள் நிறுவனத்திலும் ஒன்று இருக்கும். எட்டு வருஷத்தில் அதைப் படித்திருக்கிறீர்களா? திங்கள்கிழமை போனதும் ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டு அதை வாங்குங்கள். அந்த ஒரு பக்கத்தை எழுதும்போது அது பக்கத்தில் இருக்கட்டும்.