சின்ன மின்னஞ்சல் ஹோஸ்டிங் நிறுவனத்தை நம்பலாமா? எதை வைத்து முடிவு செய்வது?

ஹப்புத்தளையில் ஏழு அறை உள்ள ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறேன். சொந்த டொமைனில் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) மூன்று மெயில் பெட்டி. இதுவரை இரண்டு சின்ன நிறுவனங்களைப் பார்த்தாகிவிட்டது. ஒன்றை விட்டு ஓடினேன், மற்றதில் இன்னும் இருக்கிறேன்.

எல்லாரும் முதலில் பார்ப்பது '99.9 வீதம் அப்டைம்' (சேர்வர் நிற்காமல் ஓடும் நேரம்) என்ற வரியை. நான் அதைப் பார்ப்பதே இல்லை. கணக்குப் போட்டால் வருடத்தில் எட்டே முக்கால் மணிநேரம் சேர்வர் படுக்கலாம் என்று அர்த்தம், அவ்வளவுதான். சேர்வர் அரை நாள் படுத்தாலும் உங்களுக்கு வரும் மெயில் பெரும்பாலும் தொலையாது. அனுப்பிய பக்கத்துச் சேர்வர் அதை வரிசையில் வைத்து, வழக்கமாக நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். (எங்கள் பக்கம் மழைக்கு லைன் போவதையெல்லாம் நிறுவனத்தின் கணக்கில் எழுதாதீர்கள். நானே இரண்டு தடவை வீணாகச் சண்டை போட்டிருக்கிறேன்.)

என்னைக் கவிழ்த்தது நான் அனுப்பிய மெயில். ஒரு டிசம்பர் சீசனில் ஜெர்மனித் தம்பதி ஒன்றுக்கு மூன்று தடவை பதில் போட்டேன், சத்தமே இல்லை. 'உனக்கு எழுதிப் பார்த்துப் பதில் வராமல்தான் இங்கே வந்தார்களாம்' என்று பக்கத்து விடுதி அண்ணன் சொன்னபோது போய்க் கேட்டேன். அவர்கள் போனில் ஸ்பேமைத் திறந்தால், மூன்றும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. என் மெயிலை அனுப்பும் சேர்வரின் ஐபி முகவரியைப் பகிர்ந்த வேறு யாரோ குப்பை மெயில் அனுப்பி, அந்த முகவரி குப்பை மெயில் அனுப்புகிறவர்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸின் பட்டியலில் ஏறியிருந்தது. நிறுவனத்திடமிருந்து ஆறு நாள் கழித்து வந்த பதில்: 'உங்கள் கணக்கில் பிழை எதுவும் இல்லை.' அதுவும் உண்மைதான்!

அதனால் பணம் கட்டுமுன் ஒரு மாதம் சோதனைக்கு வாங்குங்கள். ஒரு ஜிமெயில் முகவரிக்கு அனுப்பி, அங்கே 'ஷோ ஒரிஜினல்' திறந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் (மெயில் நிஜமாகவே உங்கள் டொமைனிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் சோதனைகள்) மூன்றும் 'பாஸ்' காட்டுகிறதா என்று பாருங்கள். அனுப்பும் ஐபியை ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் போட்டுத் தேடுங்கள். ஜிமெயிலும் யாஹூவும் 2024 பெப்ரவரியிலிருந்து இந்த விஷயத்தில் கெடுபிடி. 'டிகேஐஎம் எல்லாம் தேவையில்லை' என்று சொல்கிறவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள்.

அப்புறம் பேக்கப். 'தினமும் எடுக்கிறோம்' என்று எல்லாரும் சொல்வார்கள். வேண்டுமென்றே ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு, வெள்ளி இரவில் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். 2019 பெப்ரவரியில் விஎஃப்இமெயில் என்ற சின்ன நிறுவனத்துக்குள் புகுந்தவன் சேர்வர்களோடு பேக்கப்பையும் சேர்த்தே அழித்தான். பல வருட மெயில் போனது போனதுதான். யாராக இருந்தாலும் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளில் ஒரு பிரதி இறக்கி வெளி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டொமைனை மட்டும் மெயில்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். என் முதல் நிறுவனம் அதைத் தங்கள் பெயரிலேயே பதிந்திருந்தது. விசிட்டிங் கார்டு, பெயர்ப் பலகை எல்லாவற்றிலும் அந்த முகவரி. மீட்க இரண்டு மாதம் கெஞ்சினேன். டொமைன் உங்கள் கையில் இருந்தால் எம்எக்ஸ் ரெக்கோர்டை (வரும் மெயில் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவு) மாற்றிவிட்டு அடுத்த நாளே வேறு இடத்துக்குப் போகலாம்.

மூன்று வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், வேண்டாம். டொலரில் பில் என்றால் நமக்கு வேறு தலைவலியும் உண்டு. 2022இல் சில மாதத்துக்குள் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது நினைவிருக்கும்.

இப்போது என் மெயிலைப் பார்ப்பவர் தனி ஆள். 'உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?' என்று கூச்சப்படாமல் கேட்டேன். 'தம்பியிடம் பாஸ்வேர்ட் இருக்கிறது, ஒரு மாதம் ஓட்டுவான். அதற்குள் நீங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்றார். அன்றைக்கே பணம் கட்டினேன்.