ஸ்ட்ரிப் 'பாசிட்டிவ்', லேப் 'இல்லை': மடிநோய் மருந்து போட்ட பாலில் எதை நம்புவது?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஆறு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். ஒரு கலப்பின மாட்டுக்கு மடிநோய் வந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சாயங்காலம் ஊசி போட்டு, ஒரு காம்பில் ட்யூப் மருந்தும் ஏற்றினோம். அட்டையில் 72 மணி நேரம் பாலை விற்கக் கூடாது என்று இருந்ததால் வியாழன் சாயங்காலம் வரை ஒதுக்கினேன். வெள்ளி காலை மற்ற மாடுகளின் பாலோடு சேர்த்து ஊற்றிய 48 லிட்டரையும், பால் ஊற்றும் இடத்தில் ஸ்ட்ரிப் (பாலில் மருந்து இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பட்டை) வைத்துப் பார்த்து, 'ஆன்டிபயாடிக் பாசிட்டிவ்' என்று திருப்பிவிட்டார்கள். திங்கள் காலை அந்த மாட்டின் பாலை மட்டும் ஒரு லேபுக்கு அனுப்பினேன். 'கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை வந்தது. யார் சொல்வது சரி? துல்லியமாக அளக்க வழி இல்லையா? காய்ச்சினால் மருந்து போய்விடாதா?

பதில்: நீங்கள் அனுப்பிய ஸ்ட்ரிப் படம், டாக்டர் சீட்டு, லேப் அறிக்கை மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். 48 லிட்டர் திரும்பி வந்தால் எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். ஆனால் இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஸ்ட்ரிப்பும் லேபும் வேறு வேறு பாலை, வேறு வேறு மருந்துக்காகப் பார்த்திருக்கின்றன.

முதலில் நாள் கணக்கு. 72 மணி நேரத்தைக் கடைசி மருந்து போட்ட வேளையிலிருந்து எண்ண வேண்டும். நீங்கள் முதல் ஊசியிலிருந்து எண்ணிவிட்டீர்கள். கடைசி மருந்து புதன் சாயங்காலம் என்றால் சனி சாயங்காலம்தான் 72 மணி நேரம் முடிகிறது. வெள்ளி காலை ஊற்றியபோது 36 மணி நேரம்தான் ஆகியிருக்கிறது. இந்தத் தவறைப் பலரும் செய்கிறார்கள். அட்டையில் கெடு எதுவுமே போடாத மருந்தாக இருந்தால் பாலுக்குக் குறைந்தது 7 நாள் விட வேண்டும் என்பது நம் நாட்டு மருந்து விதி. டாக்டர் அளவைக் கூட்டிப் போட்டாலோ, கூடுதல் நாள் போட்டாலோ அட்டைக் கணக்கு பொருந்தாது. அப்போது எத்தனை நாள் என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

'ட்யூப் போட்ட காம்பை விட்டுவிட்டு மற்ற மூன்றைத்தான் கறந்தேன்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. ஊசி மருந்து ரத்தம் வழியாக நான்கு காம்புக்கும் போகும். ட்யூப் மருந்திலும் ஒரு பங்கு ரத்தத்தில் கலந்து மற்றக் காம்புகளில் இறங்கும்.

அடுத்து ஸ்ட்ரிப். அது அளக்கும் கருவி இல்லை. 'இந்தக் குடும்பத்து மருந்து இந்த அளவுக்கு மேல் இருக்கிறதா' என்ற ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும். உங்கள் படத்தில் பீட்டா-லாக்டம் (பென்சிலின் குடும்பத்து மருந்துகள்) கோடு, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் கன்ட்ரோல் கோட்டைவிட வெளிறியிருக்கிறது. இந்த வகை ஸ்ட்ரிப்பில் மருந்து கூடக் கூட கோடு மங்கும். ஆனால் எவ்வளவு மங்கியிருக்கிறது என்பதை வைத்து அளவு சொல்ல முடியாது. பென்சிலின், ஆம்பிசிலின், குளோக்சாசிலின் மூன்றுமே அந்த ஒரே கோட்டைத்தான் மங்க வைக்கும். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு அனுமதிக்கும் வரம்போ பென்சிலினுக்கு ஒரு கிலோ பாலில் 4 மைக்ரோகிராம். ஐரோப்பிய வரம்பு ஆம்பிசிலினுக்கு அதே 4, குளோக்சாசிலினுக்கு 30. ஆக, எந்த மருந்து என்று தெரியாமல் கோட்டைப் பார்த்து எண் சொல்வது குருட்டுக் கணக்கு.

இந்த 4 மைக்ரோகிராம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஒரு மில்லிகிராம் என்பது ஆயிரம் மைக்ரோகிராம். அந்த ஒரு மில்லிகிராம் ஆம்பிசிலின் 250 லிட்டர் பாலை வரம்புக்குக் கொண்டுபோய்விடும். உங்கள் மாட்டின் 8 லிட்டரில் கிலோவுக்கு 60 மைக்ரோகிராம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். சுத்தமான 40 லிட்டரோடு கலந்த பிறகும் 10 நிற்கும். 'ஒரு மாட்டுப் பால்தானே, கலந்தால் கரைந்துவிடும்' என்பது நடக்காது.

இப்போது லேப் அறிக்கை. இதைக் கவனமாகப் படியுங்கள், என் பதிலில் முக்கியமான இடம் இதுதான். அதில் சோதித்த மருந்துகள் என்று இரண்டு பெயர்கள்தான் இருக்கின்றன: ஆக்ஸிடெட்ராசைக்ளின், என்ரோஃப்ளாக்சசின். உங்கள் மாட்டுக்குப் போட்டதோ ஆம்பிசிலினும் குளோக்சாசிலினும். தேடாத மருந்து எப்படிக் கிடைக்கும்? 'கண்டறியப்படவில்லை' என்ற சொல் அந்த இரண்டுக்கு மட்டும்தான் பொருந்தும். போதாக்குறைக்கு, அது வெள்ளிக்கிழமைப் பாலும் இல்லை. திங்கள் காலை என்றால் கடைசி மருந்து போட்டு 108 மணி நேரம் ஆகிவிட்டது. ஐஸ் இல்லாமல் பஸ்ஸில் பாட்டில் போயிருக்கிறது. பீட்டா-லாக்டம் மருந்துகள் வெப்பத்தில், புளிக்கிற பாலில் மெல்லச் சிதையக்கூடியவை. சரியான மருந்தைத் தேடியிருந்தாலும் குறைவான எண் வந்திருக்கலாம்.

துல்லியமாக அளக்க வழி இருக்கிறது. எல்சி-எம்எஸ்/எம்எஸ் என்ற கருவி. பாலிலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் நீக்கி, மிச்சமிருக்கும் நீரிலுள்ள மருந்துகளைப் பிரித்து, ஒவ்வொரு மூலக்கூறையும் எடை பார்த்து, உடைத்து, துண்டுகளையும் எடை பார்க்கும். ஆம்பிசிலின் 350 என்ற எடையில் நுழைந்து 106, 160 என்ற துண்டுகளாக உடையும். இரண்டு துண்டும் சரியான விகிதத்தில் வந்தால்தான் அது ஆம்பிசிலின். ஆனால் கருவி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. பாலில் மிஞ்சும் உப்பும் கொழுப்பும் கருவியின் சிக்னலை அமுக்கிவிடும். தண்ணீரில் கரைத்த மருந்தை ஒப்பு வைத்து அளந்தால், பாலில் உள்ளது குறைவாகத் தெரியும். அதனால் மருந்தில்லாத சுத்தமான பாலில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, அதை ஒப்பாக வைத்துத்தான் அளக்க வேண்டும்.

லேபிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். என் மாட்டுக்குப் போட்ட மருந்தையே தேடுவீர்களா? ஆம்பிசிலினில் 4 மைக்ரோகிராமுக்குக் கீழே உங்களால் அளக்க முடியுமா? பாலில் இந்த மருந்தை அளக்க என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா? பதில் சொல்லத் தயங்கும் லேபுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

மாதிரி எடுப்பதில்தான் பாதித் துல்லியம் இருக்கிறது. நான்கு காம்பையும் முழுசாகக் கறந்து, ஒரே பாத்திரத்தில் கலக்கி, சுத்தமான இரண்டு பாட்டிலில் நூறு நூறு மில்லி எடுங்கள். தேதி, வேளை, மாட்டின் காதுவில்லை எண் எழுதி உடனே ஐஸில் வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகட்டும். கெடாமல் இருக்க ஃபார்மலின் எதுவும் ஊற்றாதீர்கள், அதுவே சோதனையைக் கெடுக்கும்.

பால் ஊற்றும் இடத்திலும் நீங்கள் கேட்கலாம். அதே பாலை இன்னொரு ஸ்ட்ரிப்பில், மருந்தில்லாத பாலையும் பக்கத்தில் வைத்து, மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரிப் டப்பா குளிரில் இருந்ததா, தேதி முடிந்துவிட்டதா என்றும் பாருங்கள். சில இடங்களில் ஸ்ட்ரிப்புக்குப் பதில் ஊதா நிறக் குப்பி வைப்பார்கள். அதற்குள் ஒரு நுண்ணுயிர் இருக்கும். 64 டிகிரியில் சுமார் மூன்று மணி நேரத்தில் அது வளர்ந்தால் மஞ்சளாகும், மருந்து தடுத்தால் ஊதாவாகவே நிற்கும். சீம்பாலிலும் மடிநோய்ப் பாலிலும் இயற்கையாகவே உள்ள லைசோசைம், லாக்டோஃபெரின் போன்ற கிருமியைத் தடுக்கும் புரதங்களும் அதைத் தடுத்துவிடும். அந்தச் சந்தேகம் வந்தால் பாலை 80 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி மறுபடி வைக்கலாம். இயற்கைப் பொருள் அடங்கிவிடும், மருந்து பெரும்பாலும் நிற்கும்.

காய்ச்சும் கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வீட்டில் ஒரு கொதி விடுவதால் மருந்து போகாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ள ஒரு குழந்தைக்கு அந்தப் பால் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். 2018-இல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-இல் ஆன்டிபயாடிக் வரம்பு மீறியிருந்தது. ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கிறார்கள் என்று கோபப்படாதீர்கள்.

ஒதுக்கிய பாலைக் கன்றுக்கும் ஊற்றாதீர்கள். அதன் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். குழி தோண்டிக் கொட்டி மூடுங்கள். அப்புறம், மருந்து போட்ட அன்றே அந்த மாட்டின் பின்னங்காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள். கடைசி ஊசியின் தேதியையும் மணியையும் தொழுவச் சுவரில் சுண்ணாம்பால் எழுதுங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருந்தாலும் கறக்க வருபவருக்குத் தெரிய வேண்டும்.