கீரிமலை வெந்நீரூற்றா? கலைஞர்கள் தங்கும் இடமா? போய் வரலாமா?

யாழ்ப்பாணத்தில் பழைய வெந்நீரூற்று ஒன்றைத் திருத்திக் கட்டி, கலைஞர்கள் தங்கியிருக்கும் இடமாக வைத்திருக்கிறார்களாமே, அது கீரிமலையா, போனால் குளிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தெல்லிப்பழைப் பக்கம். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கீரிமலைத் தண்ணீர் சுடாது. சுடுதண்ணீர் வேண்டுமென்றால் திருகோணமலைக் கன்னியாவுக்குப் போங்கள். அங்கே ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. அள்ளி வார்க்கலாம், இறங்கி முழுக முடியாது. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் வெகு ஆழம் இறங்கி, அங்கே சூடேறித் திரும்பி வருகிற இடம் அது. எங்கள் பக்கம் சுண்ணாம்புக்கல். கார்த்திகை, மார்கழியில் பெய்கிற மழை அந்தக் கல்லுக்குள் இறங்கி, நிலத்துக்கு அடியாலேயே கடலுக்கு ஓடுகிறது. கடலில் சேரப்போகும் நேரத்தில் அது வெளியே வருகிற இடத்தில்தான் கீரிமலைக் கேணியைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் அலை, இந்தப் பக்கம் நீங்கள் நிற்கிற தண்ணீர். தோய்ந்துவிட்டு ஏறினால் உடம்பில் கடலின் பிசுபிசுப்பு இருக்காது. சின்ன வயதில் இதை நம்பமுடியாமல் மதிலில் ஏறி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறேன்.

கீரி முகத்தோடு இருந்த நகுல முனிவர் இதில் தீர்த்தமாடிச் சுகம் பெற்றார் என்பது ஐதீகம். அவர் பெயரில்தான் பக்கத்தில் நகுலேஸ்வரம், பஞ்ச ஈச்சரங்கள் என்கிற இலங்கையின் ஐந்து பழைய சிவன் கோயில்களில் ஒன்று. இதே தண்ணீரில் தோய்ந்து குதிரை முகம் நீங்கிய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கட்டியதுதான் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் என்பார்கள். மா என்றால் குதிரை.

கேணியைத் திருத்திக் கட்டினது உண்மை, யுத்தம் முடிந்த பிறகு. 1990இல் சனம் இடம்பெயர்ந்த பிறகு இந்தப் பகுதி முழுக்க உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாள் அந்தியேட்டி என்கிற ஈமக்கிரியைக்குக் கீரிமலைக்கு வருவதுதான் வழக்கம். அந்த வருடங்களில் எத்தனை குடும்பங்கள் வேறு கடற்கரைகளில் அஸ்தியைக் கரைத்துவிட்டு மனம் ஆறாமல் இருந்தன என்று எங்கள் வீட்டுக்குள்ளேயே எனக்குத் தெரியும். அம்மம்மாவின் அந்தியேட்டிக்கு, யுத்தம் முடிந்து வழி விட்ட பிறகு, நாங்கள் முதன்முதலாக இங்கே வந்தோம். அம்மா முதலில் கேணிப்படியைக் கையால் தொட்டுப் பார்த்தா. பிறகுதான் அழுதா.

கலைஞர்கள் விஷயம். நீங்கள் நினைக்கிற மாதிரி விடுதியும் அறையும் கொடுத்துக் கலைஞர்களை வைத்திருக்கிற ஏற்பாடு எதையும் நான் அங்கே பார்க்கவில்லை. ஆனால் இந்தத் தண்ணீரைச் சுற்றிக் கலைஞர்கள் வாழ்ந்தார்கள், இப்போதும் வாழ்கிறார்கள். யாழ் நகரத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வரும்போது இணுவில் தாண்டுவீர்கள். அளவெட்டி கொஞ்சம் மேற்கே. இரண்டும் மேளகாரர் ஊர்கள். தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் பத்மநாதனும் இந்த மண்ணின் ஆட்கள். கோயில் திருவிழாதான் அவர்களுக்கு மேடை. மாவிட்டபுரத்துத் திருவிழா முடிந்து ஆடி அமாவாசைக்குச் சுவாமி தீர்த்தமாட வருவது கீரிமலைக்குத்தான். மேளமும் கூடவே வரும்.

என் மாமா ஒருவர் தவில்காரர். போன வருடம் விடிய ஐந்தரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மாமி பெண்கள் கேணிக்குப் போய்விட்டா. அது தனியாக மதில் கட்டி மறைத்தது. மாமா நேரே இறங்கவில்லை. படியில் குந்தி, வலது கையை மட்டும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு இருந்தார். முதல்நாள் இரவு சமாவில், அதுதான் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்த மேளக்கச்சேரியில், வாசித்த கை. தவிலுக்கு விரலில் போடுகிற கூட்டைக் கழற்றியும் விரல் நுனிகள் வெளிறிப்போய், ஒவ்வொரு விரலிலும் கூடு இறுகிய வளையம் தெரிந்தது. கொஞ்ச நேரத்தால் அந்தக் கையை எடுத்து ஈரப்படியில் மெல்லத் தட்டத் தொடங்கினார். வாய் தாளச் சொற்கட்டைச் சொன்னது. மதிலில் ஏறிக் குதிக்க நின்ற பொடியள் குதிக்காமல் நின்று கேட்டார்கள். அலை ஒரு கணக்கில் மதிலில் மோத, மாமா அதை விட்டுவிட்டுத் தன் கணக்கில் போய், கடைசித் தட்டை அலையோடு கொண்டுவந்து வைத்தார். எனக்கு மேல் சிலிர்த்தது.

தொண்ணூறுக்கு முதல் இங்கே மடங்களில் மேளகாரர் நாள்கணக்கில் தங்குவார்களாம். விடிய இந்தக் கேணியில் தோய்வு, பகலில் சாதகம், இரவில் வாசிப்பு. இந்தியாவிலிருந்து வந்த வித்துவான்களும் இருப்பார்களாம். “அவையோட இருந்துதான் தம்பி நாங்கள் படிச்சது, வகுப்பிலை இல்லை,” என்றார் மாமா. இப்போது வருகிறவர்கள் தோய்ந்து, கும்பிட்டு, கச்சான் வாங்கி, பத்து மணிக்குள் வாகனம் ஏறிவிடுகிறார்கள். கேணியைக் கட்டியாயிற்று. அந்த மடங்களில் திரும்ப ஆட்கள் தங்கவேண்டும், பொடியள் வித்துவான்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்கவேண்டும் என்பது என் ஆசை. உங்களுக்கு யாராவது நடத்தத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

ஆகவே வாங்கோ. நகரத்திலிருந்து கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், மாவிட்டபுரத்தில் இடப்பக்கம் திரும்பவேண்டும். மாற்றுச் சாரமும் துவாயும் எடுங்கள். ஞாயிறு கூட்டம், கிழமை நாளில் விடியவே போங்கள். படி பாசி பிடித்து வழுக்கும், பிள்ளைகளைக் கையில் பிடியுங்கள். சவர்க்காரம் வேண்டாம். அந்தியேட்டிக்கு வந்திருக்கிற குடும்பம் யாராவது கரையில் இருப்பார்கள். அவர்களைப் படமெடுக்காதீர்கள்.

ஆடி அமாவாசைக்கு வந்தால் மேளம் கேட்கலாம். அன்றைக்குத் தண்ணீருக்குள் இறங்க இடம் கிடைக்குமா என்று மாமாவைக் கேட்டேன். “இடம் கிடைக்காட்டில் படியிலை இரு, சத்தம் அங்கையும் வரும்,” என்றார்.