அடுக்குமாடிக்கு எங்கே தையல்?

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. கணிதம் படிக்கிறாள். ஒரே கோட்டின் வழியாகப் போகும் தளங்களைத் 'தளக் கற்றை' என்கிறாள், அது புரிகிறது. ஒன்றுக்கொன்று இணையான தளங்களும் அப்படி ஒரு கற்றைதானாம். ஒட்டவே ஒட்டாத தளங்களுக்குப் பொதுக் கோடு எங்கிருந்து வரும்? கேட்டால், "முடிவிலியில் இருக்கிறதம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள்.
– ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: மகள் சொன்னது சரி. சொல்லிவிட்டுப் போனதுதான் சரியில்லை. வகுப்பில் முப்பது வருடம் நானும் அதையே செய்தவன். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் இல்லை.

சிறுவயதில், விடுமுறை நாட்களில், காசிமேட்டில் அப்பாவின் மீன் ஏலக் கணக்கை எழுதுவது என் வேலை. சிவப்புத் துணி அட்டை போட்ட தடித்த நோட்டு. ஈரக் கை பட்டுப் பட்டு ஏடுகள் ஊறிப்போகும். ஏலம் முடிந்ததும் அதை விரித்து, நிமிர்த்தி, வெயிலில் வைப்பேன். ஏடுகள் விசிறிபோல் நிற்கும். ஒவ்வோர் ஏடும் ஒரு தளம். எல்லாம் வந்து சேரும் தையல்தான் பொதுக் கோடு. தளக் கற்றைக்கு இதைவிட நல்ல படத்தை நான் பாடநூல்களில் பார்த்ததில்லை.

இப்போது ராயபுரத்தில் நாலு மாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மாடிகள் எல்லாம் இணை, தையல் கிடையாது. ஆனால் எங்கள் நீண்ட தாழ்வாரத்தின் கிழக்கு முனையில் கடல் தெரியும். எதிர்முனையில் நின்று பார்த்தால் தரை மெல்ல ஏறுவதுபோலவும் கூரை இறங்குவதுபோலவும் இருக்கும். இரண்டும் குறிவைப்பது தொடுவானத்தை. மேல்மாடி, கீழ்மாடி, கடற்பரப்பு, எல்லாவற்றுக்கும் அதுதான் தையல். (உண்மைக் கடலில், பூமி உருண்டை என்பதால், 12 மீட்டர் உயரத்திலிருந்து தொடுவானம் சுமார் 12 கி.மீ. தொலைவில்தான். கணிதக்காரரின் கடல் தட்டையானது, கரையற்றது.)

பிரான்சின் லியோன் நகரத்துக் கணிதக்காரர் ழிரார் தெசார்க் 1639இலேயே, ஒரு புள்ளியில் கூடும் கோடுகளையும் இணைகோடுகளையும் ஒரே வகையாக எண்ணினார். பின்னவை கூடுமிடம் முடிவில்லாத் தொலைவில், அவ்வளவுதான். கல் வெட்டுவதைப் பற்றியும் எழுதியவர். கைவேலை தெரிந்தவர்களின் துணிச்சல் அவரிடம் இருந்தது. ஆனால் மரம், கிளை, அடிமரம் என்று கலைச்சொற்களை வைத்துத் தன் நூலைத் தானே கெடுத்துக்கொண்டார் என்பது என் கட்சி.

இதனால் என்ன லாபம்? 'இரண்டு தளங்கள் ஒரு கோட்டில் வெட்டும், இணையாக இல்லாவிட்டால்' என்ற வால் அறுந்துவிடுகிறது. இரண்டு புள்ளிகள் ஒரு கோட்டைத் தரும். இரண்டு தளங்களும் ஒரு கோட்டைத் தரும். விதிவிலக்கே இல்லை. எந்த இரண்டு மாடிகளைச் சொன்னாலும் தையல் கிடைத்துவிடும். தையல் கிடைத்தால் கற்றை முழுவதும் கையில்.

அடுத்த முறை மகள் கிளம்பும்போது இதைக் கேட்டு நிறுத்துங்கள்: மாடிமேல் மாடியாக முடிவில்லாமல் ஏறினால் எந்தத் தளத்தை நெருங்குவோம்? கீழே தோண்டிக்கொண்டே போனால்? இரண்டுக்கும் ஒரே விடை, முடிவிலித் தளம்: முடிவில்லாத் தொலைவில் இருக்கும் புள்ளிகள் எல்லாம் சேர்ந்த தளம். அதுவும் இந்தக் கற்றையில் ஓர் ஏடுதான். ஏடு தையலுக்கு அந்தப் பக்கமும் நீள்வதாக வைத்துக்கொண்டால், அரை வட்டம் புரட்டியதும் புறப்பட்ட இடத்திலேயே வந்து நிற்கும் அல்லவா? மாடிகளும் அப்படித்தான்.