முடிவு தெரிந்த பிறகும் ஏன் படிக்கிறோம்?

பினாங்கில் எங்கள் வாசகர் வட்டம் இந்த மாதம் மனோதத்துவ மர்ம நாவல்களை எடுத்துக்கொண்டது. இருபது வருடமாக இந்த வகையைத் தேடித் தேடிப் படிப்பவள் நான் என்பதால் கேள்விகள் எல்லாம் என்னிடம் வந்துவிட்டன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு தம்பி: அக்கா, துப்பறியும் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

துப்பறியும் கதையில் தடயம் வெளியே கிடக்கும்: கைரேகை, ரயில் நேரம், நின்றுபோன கடிகாரம். இதில் தடயம் கதை சொல்கிறவரின் பேச்சிலேயே இருக்கும். எதை அவசரமாகத் தாண்டிப் போகிறார், யாரும் கேட்காதபோதே எதற்குச் சமாதானம் சொல்கிறார் என்று கவனிக்க வேண்டும்.

சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் ஒரு பழைய நாவல் வாங்கினேன். பன்னிரண்டாம் பக்கத்தில், "அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்" என்ற மாதிரி ஒரு சாதாரண வரி. பக்கத்தில் யாரோ பென்சிலால் சின்னக் கேள்விக்குறி போட்டிருந்தார்கள். நான் கண்டுகொள்ளவில்லை. முடித்த அன்று இரவே அந்தப் பக்கத்துக்குத் திரும்பினேன். கொலை நடந்த ராத்திரி அது! அந்த ஒரு வரியில்தான் பொய் தொடங்கியிருந்தது. எனக்கு முன்னால் படித்த அந்த முகம் தெரியாத ஆள் எவ்வளவு கூர்மையானவர் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி: பாதி படிக்கும்போதே என் வீட்டுக்காரர் முடிவைச் சொல்லிவிட்டார். இனி படித்து என்ன சுவை?

படியுங்கள், தயவுசெய்து பாதியில் விட்டுவிடாதீர்கள். ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவல் 1866-இல் வந்தது. ஆறு பாகம், ஒரு பின்னுரை. முதல் பாகம் முடிவதற்குள் கொலை நடந்துவிடுகிறது. கோடாலி யார் கையில் இருந்தது என்று நாம் கண்ணால் பார்த்துவிடுகிறோம். மீதி ஐந்து பாகமும் கொலை செய்தவன் மனசுக்குள் நடப்பதுதான். காய்ச்சலில் உளறுவான், போலீஸ்காரர்கள் முன்னால் மயங்கி விழுவான், கொலையைப் பற்றி அவனாகவே போய்ப் பேச்சுக் கொடுப்பான். மாட்டிக்கொள்வானா என்று நாம் பதறுகிறோம். அப்புறம், ஒரு கொலைகாரன் தப்பிக்க வேண்டும் என்று ஏன் நினைக்கிறோம் என்று நமக்கே திக்கென்று ஆகிறது. இந்த வகை நாவல்களின் இழுப்பு அங்கேதான் இருக்கிறது.

2011-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் முடிவு தெரிந்தால் சுவை போய்விடுமா என்று இரண்டு ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். முடிவை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்த கதைகளைத்தான் வாசகர்கள் சராசரியாகக் கூடுதலாக ரசித்தார்கள். அவை சிறுகதைகள், நாவலுக்கும் அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாம் முறை படிக்கும் சுகம் எனக்கு நன்றாகத் தெரியும். உங்களுக்கு அது முதல் முறையிலேயே கிடைக்கப்போகிறது.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு தாய்: மகள் படிவம் ஐந்து. எஸ்பிஎம் பரீட்சை வருடத்தில் விடிய விடிய இதையே படிக்கிறாள். மனசு கெட்டுவிடாதா?

மனசு கெடாது, தூக்கம்தான் கெடும். அதற்கு ஒரு வழி: அத்தியாயம் முடிந்ததும் நிறுத்துகிறேன் என்று அவள் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த பக்கத்தைத் திருப்ப வைப்பதற்கென்றே அத்தியாயத்தின் கடைசி வரியை எழுதுகிறார்கள். நடுவில், ஒரு சாதாரணப் பத்தியில் நிறுத்தச் சொல்லுங்கள். மறுநாள் பசியாறும்போது, "யார் மேல் சந்தேகம்?" என்று நீங்களும் கேட்டுப் பாருங்கள் அம்மா. அவள் சொல்லும் காரணங்களைக் கேட்டால், மனிதர்களை எவ்வளவு கவனிக்கிறாள் என்று உங்களுக்கே புரியும்.

தமிழில் இருக்கிறதா?

மர்மம் நிறைய உண்டு. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் காலத்திலேயே தொடங்கிவிட்டது. அப்புறம் சுஜாதாவின் வக்கீல் ஜோடி கணேஷ், வசந்த். ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல்கள். குற்றவாளியின் மனசுக்குள்ளேயே உட்கார்ந்து எழுதியவை குறைவு என்பது என் ஆதங்கம்.

ஆயிர் ஈத்தாமிலிருந்து ஒரு தம்பி: ஜார்ஜ் டவுனில் நடக்கும் மாதிரி ஒன்று எழுதுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வாசகரை ஏமாற்றலாம், ஆனால் ஒளித்து வைத்து ஏமாற்றக் கூடாது. அகதா கிறிஸ்டி 1926-இல் ரோஜர் அக்ராய்ட் கொலையை வைத்து எழுதிய நாவலின் முடிவு நியாயமா என்று அப்போதே சண்டை போட்டார்கள். முடிவை இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பப் போய்ப் பார்த்தால் தேவையான தடயமெல்லாம் அந்த நாவலின் பக்கங்களிலேயே இருக்கும். நாம்தான் பார்க்காமல் வந்திருப்போம்.

பேய் மாளிகையெல்லாம் வேண்டாம். லெபோ பாசார் தெருவின் அஞ்சடி நடைபாதையில் தினமும் ஒரே நேரத்துக்குக் கடை திறக்கிறவர் ஒருநாள் பத்து நிமிடம் தாமதமாக வருகிறார். யாரும் கேட்காமலேயே காரணம் சொல்கிறார். அங்கே தொடங்குங்கள். முதல் மூன்று அத்தியாயம் முடிந்ததும் கொண்டு வாருங்கள் தம்பி, நான் பென்சிலோடு உட்காருகிறேன்.