டெல்யூரைடு பட விழாவின் பட்டியல் கடைசி நாள் வரை ரகசியம் என்கிறார்களே, பிறகு ஜூலையிலேயே சிலர் எப்படிச் சரியாகச் சொல்கிறார்கள்?

ரகசியம் என்பது உண்மைதான். அமெரிக்காவின் கொலராடோ மலைப் பகுதியில், சுமார் 8,750 அடி உயரத்தில் இருக்கும் பழைய சுரங்க ஊர் டெல்யூரைடு. 1974 முதல் அங்கே பட விழா நடக்கிறது. செப்டம்பரின் முதல் திங்கள் அமெரிக்காவில் தொழிலாளர் தினம். வழக்கமாக அதற்கு முந்தைய வெள்ளியன்று தொடங்கி அந்தத் திங்களோடு விழா முடியும். போட்டி கிடையாது, நடுவர் குழு கிடையாது. என்ன படம் என்றே தெரியாமல் பல மாதம் முன்னாலேயே பாஸ் வாங்கி வைப்பார்கள். பட்டியல் வருவது விழா தொடங்குவதற்கு முந்தைய நாள்.

ஆனால் சரியாகச் சொல்கிறவர்கள் எல்லாரும் உள்ளே ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் இது கழித்தல் கணக்கு. டெல்யூரைடு வாயைத் திறப்பதில்லை. அதற்கு முன்னும் பின்னும் நடக்கிற வெனிஸ், டொரண்டோ, நியூயார்க் விழாக்கள் வாயை மூடுவதில்லை. அந்த மூன்று பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஒரு ஓட்டை தெரியும். அந்த ஓட்டைதான் டெல்யூரைடு.

முதலில் டொரண்டோ. ஜூலை இறுதி வாக்கில் அவர்கள் முக்கியப் படங்களின் முதல் பட்டியலை விடுவார்கள். எல்லாரும் படப் பெயரையும் நடிகர் பெயரையும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருக்கும் பிரீமியர் முத்திரையை. 'வேர்ல்ட் பிரீமியர்' என்றால் உலகத்திலேயே முதல் காட்சி. 'இன்டர்நேஷனல் பிரீமியர்' என்றால் சொந்த நாட்டில் ஏற்கெனவே ஓடிவிட்டது, வெளிநாட்டில் இதுதான் முதல். 'நார்த் அமெரிக்கன் பிரீமியர்' என்றால் வேறு கண்டத்தில் ஓடியிருக்கிறது, வட அமெரிக்காவில் இதுதான் முதல். 'கனேடியன் பிரீமியர்' என்றால் வட அமெரிக்காவிலும் ஓடிவிட்டது, கனடாவுக்கு மட்டும் புதிது.

இப்போது கணக்கைப் போடுங்கள். யாருமே இன்னும் பார்க்காத ஒரு அமெரிக்கப் படத்துக்கு டொரண்டோ 'இன்டர்நேஷனல் பிரீமியர்' என்று போடுகிறது. அதாவது செப்டம்பர் முதல் வாரத்துக்குள் அது அமெரிக்காவில் எங்கோ திரையிடப்படப்போகிறது, வெனிஸில் இல்லை. அந்த நேரத்தில் அப்படிப்பட்ட படங்கள் போகிற அமெரிக்க விழா ஒன்றே ஒன்று. வெனிஸ் பட்டியலில் இருக்கிற படத்துக்கு டொரண்டோ 'கனேடியன்' என்று போட்டால், நடுவில் அமெரிக்காவில் ஒரு நிறுத்தம் இருக்கிறது. அதே வெனிஸ் படத்துக்கு 'நார்த் அமெரிக்கன்' என்று போட்டால் டெல்யூரைடு இல்லை, பெயரை அடித்துவிடலாம்.

2017ஆம் ஆண்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தால் இது பாடப் புத்தகம் மாதிரி இருக்கும். 'லேடி பேர்ட்' படத்துக்கு டொரண்டோ போட்டது இன்டர்நேஷனல். படம் முதலில் ஓடியது டெல்யூரைடில். 'டவுன்சைசிங்' படத்துக்கு கனேடியன். அது வெனிஸின் தொடக்கப் படம், அங்கிருந்து டெல்யூரைடு, பிறகு டொரண்டோ. 'த்ரீ பில்போர்ட்ஸ்' படத்துக்கு நார்த் அமெரிக்கன். வெனிஸிலிருந்து நேராக டொரண்டோ, மலை ஏறவில்லை.

இந்த இடத்தில்தான் புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் சறுக்குவார்கள். அதே 2017 பட்டியலில் 'கால் மீ பை யுவர் நேம்' படத்துக்கும் கனேடியன் முத்திரைதான். டெல்யூரைடு என்று குறித்தால் தப்பு. அந்தப் படம் ஜனவரியிலேயே அமெரிக்காவின் சன்டான்ஸ் விழாவிலும் பிப்ரவரியில் பெர்லினிலும் ஓடிவிட்டது. டெல்யூரைடு எடுப்பது வட அமெரிக்காவில் அதுவரை பொதுவில் திரையிடாத படங்களைத்தான். ஆகவே முத்திரையைப் படிக்கும் முன் ஒரு சல்லடை தேவை: சன்டான்ஸ், ஆஸ்டினில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட், டிரைபெக்கா ஆகிய மூன்று அமெரிக்க விழாக்களின் அந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிற எல்லாப் பெயரையும் முதலில் கழித்துவிடுங்கள். கேன்ஸிலும் பெர்லினிலும் மட்டும் ஓடிய படங்களைக் கழிக்காதீர்கள். அவை டெல்யூரைடுக்குத் தகுதியானவை, ஒவ்வொரு ஆண்டும் ஒரு கை நிறையப் போகவும் செய்கின்றன. 2024இல் பாயல் கபாடியாவின் 'ஆல் வி இமேஜின் அஸ் லைட்' போன வழி அதுதான்: மே மாதம் கேன்ஸில் கிராண்ட் பிரி விருது, ஆகஸ்ட் இறுதியில் டெல்யூரைடு.

இன்னொரு குழப்பம், சொந்த நாடு எது என்பது. கூட்டுத் தயாரிப்புகளில் மூன்று நான்கு நாடுகளின் பெயர் இருக்கும். பிரிட்டன் படம் ஒன்று வெனிஸுக்குப் போகாமல் டெல்யூரைடில் தொடங்கினால் டொரண்டோவில் அதற்கு இன்டர்நேஷனல் வராது, கனேடியன்தான் வரும். அமெரிக்க இயக்குநர், அமெரிக்க நடிகர் என்பதற்காக அமெரிக்கப் படம் என்று முடிவு செய்யாமல், பட்டியலில் போட்டிருக்கும் நாட்டுப் பெயரைப் பாருங்கள். கனடாப் படங்களில் கனேடியன் முத்திரைக்குப் பொருளே வேறு.

அடுத்தது வெனிஸ். ஜூலை கடைசி வாக்கில் பட்டியல், அதை ஒட்டியே எந்தப் படம் எந்த நாள் என்ற அட்டவணையும் வந்துவிடும். பட்டியலை விட அட்டவணைதான் நமக்கு வேண்டியது. வெனிஸ் போட்டிப் பிரிவுக்கு உலகில் முதல் காட்சி தங்களிடம்தான் என்பது நிபந்தனை. விழா புதன்கிழமை தொடங்குகிறது. டெல்யூரைடு அதே வார வெள்ளி. எனவே வெனிஸில் புதன், வியாழன், வெள்ளியில் திரையிடப்படும் படத்துக்கு மட்டும்தான் நிம்மதியாக மலை ஏற நேரம் இருக்கிறது. வியாழன் இரவு வெனிஸில் சிவப்புக் கம்பளம், மறுநாள் விமானம், சனிக்கிழமை டெல்யூரைடு. கொலராடோ நேரம் வெனிஸுக்கு எட்டு மணி நேரம் பின்னால் இருப்பதால் பயணத்தில் அந்த எட்டு மணியும் திரும்பக் கிடைத்துவிடும். சனிக்கிழமைப் படம் சந்தேகம். ஞாயிறு, அதற்குப் பிறகு என்றால் விட்டுவிடுங்கள். 2017இல் 'தி ஷேப் ஆஃப் வாட்டர்' வெனிஸில் ஆகஸ்ட் 31, வியாழன், டெல்யூரைடுக்கும் போனது. 'த்ரீ பில்போர்ட்ஸ்' செப்டம்பர் 4, அதாவது தொழிலாளர் தினத் திங்கள், டெல்யூரைடு மூட்டை கட்டும் நாள். முத்திரையைப் பார்க்காமலேயே நாட்காட்டி பதில் சொல்லிவிடுகிறது.

டொரண்டோவுக்கே போகாத படங்கள் இந்த வலையில் சிக்காது. 2023இல் 'புவர் திங்ஸ்' வெனிஸ், டெல்யூரைடு, நியூயார்க் என்று போனது. டொரண்டோ பட்டியலில் இல்லை. அதற்குத்தான் மூன்றாவதாக நியூயார்க். செப்டம்பர் இறுதியில் தொடங்கும் விழா என்றாலும் அவர்களின் அறிவிப்புகள் ஜூலை, ஆகஸ்டிலேயே வரத் தொடங்கிவிடும். அங்கே ஒரு படத்துக்கு 'வேர்ல்ட் பிரீமியர்' என்று போட்டுவிட்டால் மற்ற மூன்று விழாவிலிருந்தும் பெயரை எடுத்துவிடலாம். 2019இல் 'தி ஐரிஷ்மேன்' நியூயார்க்கின் தொடக்கப் படம், அங்கேதான் முதல் காட்சி என்று வந்ததும் அதைப் பற்றிய வெனிஸ், டெல்யூரைடு வதந்திகள் செத்தன. நியூயார்க் ஒரு படத்துக்கு 'நார்த் அமெரிக்கன்' என்று போட்டால் டெல்யூரைடும் இல்லை, டொரண்டோவும் இல்லை.

டொரண்டோவின் முத்திரை எப்போதும் இவ்வளவு நேர்மையாக இருந்ததில்லை. 2013இல் '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' படத்தை உலக முதல் காட்சி என்று டொரண்டோ விளம்பரம் செய்துகொண்டிருக்க, ஒரு வாரம் முன்னாலேயே டெல்யூரைடு அதைப் பட்டியலில் இல்லாத ரகசியக் காட்சியாகப் போட்டு முடித்துவிட்டது. டொரண்டோவுக்குக் கோபம். 2014இல், முதல் நான்கு நாட்கள் உலக அல்லது வட அமெரிக்க முதல் காட்சிகளுக்கு மட்டும்தான், டெல்யூரைடு போய்வரும் படங்கள் பின்னால் நில்லுங்கள் என்று விதி போட்டார்கள். அடுத்த ஆண்டே அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆனால் டெல்யூரைடைத் தண்டிக்க வேண்டுமானால் யார் டெல்யூரைடு போகிறார் என்று கணக்கு வைத்தாக வேண்டுமே. என்னைக் கேட்டால், இன்று ரகசியத்தை உடைப்பது வேறு யாருமில்லை, அந்தச் சண்டைதான்.

இனி வதந்திகளை எடைபோடும் விதம். ஒரு கணிப்புப் பட்டியலைப் பார்த்ததும் முதலில் தேதியைப் பாருங்கள். வெனிஸ், டொரண்டோ அறிவிப்புகளுக்கு முன் வந்ததென்றால் ஊகம். பின் வந்ததென்றால் மேலே சொன்ன கணக்கு. பிறகு எண்ணிக்கையைப் பாருங்கள். நாற்பது பெயர் போட்டுவிட்டுப் பதினைந்து சரியாக வந்தது என்று மார்தட்டுவதில் ஒன்றுமில்லை. புதுப் பெரிய படங்களே அங்கே அவ்வளவுதான் வரும். பத்துப் பெயர் போட்டு எட்டு சரி என்றால் அவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே வதந்தி பத்துத் தளங்களில் வந்தால் பத்துச் சாட்சி ஆகாது. 'எதிர்பார்க்கப்படுகிறது', 'குறிவைத்திருக்கிறது' போன்ற சொற்களுக்கு மேலே ஏறிப் போனால் பெரும்பாலும் ஒரே ஊற்றில் போய் முடியும். படத் தகவல் தளமான ஐஎம்டிபியின் பக்கத்தில் 'டெல்யூரைடு, ஆகஸ்ட்' என்று தேதி இருக்கிறதே என்பார்கள். அந்தத் தகவலைப் பயனர்களும் அனுப்பலாம். விழா அறிவிக்கும் முன் அங்கே இருக்கிற தேதிக்கு மதிப்பு பூஜ்யம்.

உருப்படியான சாட்சி என்றால், படம் முடிந்துவிட்டதா என்பது. தணிக்கைச் சான்றிதழ் வந்திருந்தால், ஓடும் நேரம் நிமிடக் கணக்கில் எங்காவது பதிவாகியிருந்தால், படம் தயார். ஒலிக்கலவை இன்னும் நடக்கிறது என்று தொழில்நுட்பக் கலைஞர் ஒருவர் ஜூலையில் புகைப்படம் போட்டால், எவ்வளவு பெரிய இயக்குநராக இருந்தாலும் ஆகஸ்ட் சந்தேகம்தான்.

இதே கணக்கை கேன்ஸுக்குப் போட முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். முடியாது. வரிசையில் பெரும்பாலும் முதல் ஆள் கேன்ஸ்தான். முத்திரை போட்டுக் காட்டிக்கொடுக்கப் பின்னால் யாருமில்லை. ஏப்ரல் நடுவில் பாரிஸில் கேன்ஸின் தேர்வுப் பொறுப்பாளர் தியரி ஃப்ரேமோ பட்டியலைப் படிக்கும் வரை எல்லாம் ஊகமே. கொஞ்சம் வலுவான தடயம், பிரான்ஸில் வெளியீட்டுத் தேதி. மே இரண்டாம் பாதியில் ஒரு படத்துக்குத் தியேட்டர் தேதி குறித்துவிட்டால் கவனியுங்கள். படித்து முடித்த பட்டியலும் முடிந்த பட்டியல் இல்லை: 2019இல் டரான்டினோவின் படம் ஏப்ரல் 18 அறிவிப்பில் இல்லை, படத்தொகுப்பு முடியவில்லை என்றார்கள், மே 2 அன்று சேர்த்தார்கள்.

கேன்ஸ் பற்றி நம் ஊரில் வரும் செய்திகளுக்கு ஒரு தனிச் சல்லடை வேண்டும். விழா நடக்கும் அதே நாட்களில் அதே இடத்தில் படச் சந்தை ஒன்றும் நடக்கிறது. அங்கே பணம் கட்டி அரங்கை எடுத்து யாரும் தங்கள் படத்தை வாங்குவோருக்குப் போட்டுக் காட்டலாம். அதில் தவறில்லை, வியாபாரம் அப்படித்தான். ஆனால் 'கேன்ஸில் திரையிடப்பட்டது' என்ற போஸ்டரைப் பார்த்ததும் தேர்வானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதிகாரபூர்வத் தேர்வு, இயக்குநர்கள் பிரிவு, விமர்சகர் வாரம், ஆசிட் (இதுவும் கேன்ஸை ஒட்டி நடக்கும் ஒரு பிரிவு) ஆகியவற்றின் பட்டியலில் பெயர் இல்லை என்றால் அது சந்தைக் காட்சி.

டெல்யூரைடுக்கே திரும்பினால், பட்டியல் வருவது பெரும்பாலும் வியாழக்கிழமை அங்கே காலையில். நமக்கும் அவர்களுக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம், ஆக நமக்கு இரவு. அதோடு கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் ஒவ்வொரு நாளும் சில காட்சிகளுக்கு எதிரே படப் பெயர் இல்லாமல் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று இருக்கும். பெரும்பாலும் கூட்டம் அலைமோதிய படங்களின் மறுகாட்சிகள்தான் அங்கே போகும். '12 இயர்ஸ் எ ஸ்லேவ்' மாதிரி, பட்டியலில் பெயரே இல்லாமல் எட்டிப் பார்க்கும் படமும் உண்டு. டொரண்டோவில் 'இன்டர்நேஷனல்' என்று போட்டிருந்த படம் வியாழன் பட்டியலில் காணவில்லை என்றால், உங்கள் கணக்கை அடிக்காதீர்கள். திங்கள் வரை பென்சிலிலேயே இருக்கட்டும்.