வாக்குப் போட ஐ.சி கேட்பது நியாயமா? வன்னியில் இருந்து வந்த கேள்விகளும் என் பதில்களும்

பிரதேச செயலகத்தில் லிகிதராக இருந்து இளைப்பாறியவன் நான். அடையாள அட்டை விண்ணப்பங்கள் என் மேசையைத் தாண்டித்தான் கொழும்புக்குப் போகும். தேர்தல் நாட்களில் வாக்களிப்பு நிலையங்களிலும் கடமை செய்திருக்கிறேன். போன கிழமை எங்கள் சனசமூக நிலையத்தில் ஐ.சி, அதாவது தேசிய அடையாள அட்டை, இல்லாதவருக்கு வாக்கில்லை என்பது சரியா பிழையா என்று பெரிய வாக்குவாதமே நடந்தது. கேட்க வேண்டியதை எழுதி அனுப்புங்கள் என்று சொன்னேன். முப்பதுக்கு மேல் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

முள்ளியவளையில் இருந்து ஓர் அம்மா: தம்பி, எனக்கு ஐ.சி இருக்கிறது. ஆனால் தபாலில் வருகிற வாக்காளர் அட்டை வரவில்லை. போனால் விடுவார்களா?

விடுவார்கள் அம்மா. வாக்காளர் அட்டை உங்கள் தொடர் இலக்கத்தையும் எந்த நிலையத்துக்குப் போக வேண்டும் என்பதையும் சொல்கிற கடிதம் மட்டும்தான். வாக்காளர் இடாப்பில் பெயரும் கையில் ஐ.சியும் இருந்தால் போதும். மாறி யோசிக்கிறவர்கள்தான் அதிகம்: வாக்காளர் அட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோய், ஐ.சியை வீட்டில் விட்டுவிட்டு வருவார்கள். அவர்களைத் திருப்பித்தான் அனுப்ப வேண்டும்.

நெடுங்கேணி, ஒரு தம்பி: அண்ணை, ஐ.சியைத் தவிர வேறு என்ன செல்லும்? போனில் இருக்கிற படத்தைக் காட்டலாமா? ஜீ.எஸ் (கிராம சேவகர்) ஒரு கடிதம் தந்தால்?

செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், அரச ஓய்வூதியர் அட்டை, முதியோர் அடையாள அட்டை, மதகுருமாருக்கு ஆட்பதிவுத் திணைக்களம் கொடுக்கிற அட்டை. புது ஐ.சிக்கு விண்ணப்பித்துவிட்டு இருப்பவர்களுக்கு அதே திணைக்களம் தருகிற உறுதிப்படுத்தல் கடிதமும் செல்லும். இவை எதுவுமே இல்லாதவருக்குத் தேர்தல் ஆணைக்குழுவின் தற்காலிக அடையாள அட்டை இருக்கிறது.

போனில் உள்ள படம் செல்லாது. போட்டோக் கொப்பியும் செல்லாது. ஜீ.எஸ் கடிதம் தனியாகச் செல்லாது. ஜீ.எஸ் செய்யக்கூடியது, உங்களுடைய தற்காலிக அட்டை விண்ணப்பத்தை உறுதிப்படுத்தி அனுப்புவது. அதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள்.

ஒட்டுசுட்டான், வயதான ஒரு ஐயா: முந்தி விதானையாருக்கு ஊரில் எல்லாரையும் தெரியும். கட்சி முகவர்களும் பக்கத்தில் இருப்பார்கள். யாரும் கள்ள வாக்குப் போட ஏலாது. பிறகு ஏன் இந்த ஐ.சி?

ஐயா, நீங்கள் சொல்கிற ஊர் உண்மையிலேயே இருந்தது. லிகிதர் பெயரையும் இலக்கத்தையும் உரத்து வாசிப்பார். முகவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். "இது அவரில்லை" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே விசாரணை நடக்கும். ஊர் அப்படியே இருந்த காலம் வரை அது போதுமாக இருந்தது.

ஆனால் முகவர்களை அடித்துத் துரத்திவிட்டால்? 1982 டிசம்பரில் நடந்த சர்வஜன வாக்கெடுப்பிலும், 1999 ஜனவரியில் நடந்த வடமேல் மாகாண சபைத் தேர்தலிலும் நடந்ததை இந்த நாட்டில் யாரும் மறக்கவில்லை. ஆட்கள் இடாப்பைப் பார்த்து வரிசையாக மற்றவர்களின் பெயரில் போட்டுவிட்டுப் போனார்கள். 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம் அந்தப் பின்னணியில்தான் வந்தது. ஆள் யார் என்பதை ஆவணத்தால் காட்ட வேண்டும் என்று அது சொன்னது.

எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. பத்து முறை இடம்பெயர்ந்து திரும்பிய ஊரில் பக்கத்து வீட்டுக்காரரையே தெரியாது. யாரைப் பார்த்து முகவர் தலையாட்டுவார்? ஐ.சி கேட்பது பிழை என்று நான் சொல்ல மாட்டேன். கேட்கிற அரசு அதைக் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

வவுனியாவில் படிக்கும் ஒரு தங்கச்சி: அமெரிக்காவில் இதற்காக வழக்கு, ஊர்வலம் எல்லாம் நடக்கிறது. ஏழைகளின் வாக்கைப் பறிக்கிற சட்டம் என்கிறார்கள். நாங்கள் மட்டும் ஏன் பேசாமல் ஏற்றுக்கொண்டோம்?

நல்ல கேள்வி பிள்ளை. இதற்கு ஆறுதலாகப் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் ஒரு வித்தியாசம். அமெரிக்காவில் தேசிய அடையாள அட்டை என்று ஒன்று கிடையாது. அங்கே பெரும்பாலானவர்களுக்கு ஐ.சி என்றால் சாரதி அனுமதிப்பத்திரம்தான். கார் ஓட்டாத வயதானவரிடம், வசதியில்லாதவரிடம் அது இருக்காது. இங்கே 1968 ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி 1972 இல் இருந்து அட்டை கொடுக்கிறார்கள். இன்றைக்கு 15 வயது ஆனதும் எடுக்கச் சொல்கிறார்கள். ஐ.சி இல்லாமல் வங்கி இல்லை, பரீட்சை இல்லை. யுத்தகாலத்தில் சோதனைச்சாவடியைத் தாண்டவும் முடியவில்லை. வீட்டு வாசலில் இருந்து ஐ.சியோடு வெளிக்கிட்டுப் பழகிய சனத்துக்கு வாக்குப் போடும் இடத்தில் கேட்டது புதிதாகத் தெரியவில்லை. நாங்கள் பேசாமல் ஏற்றுக்கொண்டதன் காரணம் அந்தப் பழக்கம்தான். அது நல்ல காரணம் என்று நான் சொல்லவில்லை.

இந்தியானா மாநிலம் 2005 இல் படத்தோடு கூடிய அட்டை கட்டாயம் என்று சட்டம் போட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2008 இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் நின்றது. தீர்ப்பு வந்து சில நாட்களில் அங்கே ஒரு தேர்தல். சவுத் பெண்ட் என்ற ஊரில் எண்பது, தொண்ணூறு வயதுக் கன்னியாஸ்திரிகள் பத்துப் பன்னிரண்டு பேர், கையில் தகுந்த அட்டை இல்லாததால் வாக்குப் போட முடியாமல் போனார்கள். அவர்களைத் திருப்பி அனுப்பியவரும் அதே மடத்துக் கன்னியாஸ்திரி. வாக்களிப்பு நிலையத்தில் அன்று அவருக்குக் கடமை. தினமும் ஒன்றாகச் செபம் செய்கிறவர்களை அவருக்குத் தெரியாதா? தெரியும். சட்டம் கேட்டது அட்டையை.

எந்த அட்டை செல்லும் என்று தீர்மானிப்பதிலும் அரசியல் இருக்கிறது. டெக்சாஸ் 2011 இல் கொண்டுவந்த சட்டத்தில் கைத்துப்பாக்கி அனுமதிப்பத்திரம் செல்லும், பல்கலைக்கழக மாணவர் அட்டை செல்லாது. யார் வரட்டும், யார் வராமல் இருக்கட்டும் என்று யோசித்து எழுதிய பட்டியல் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் நானும் நினைக்கிறேன். ஆள்மாறாட்டமும் அங்கே அரிதிலும் அரிது. ஜஸ்டின் லெவிட் என்ற சட்டப் பேராசிரியர் 2000 முதல் 2014 வரை நூறு கோடிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பற்றித் தேடி, நம்பத்தகுந்த சம்பவங்கள் 31 என்று எழுதினார். எங்கள் கதை அப்படியில்லை. இங்கே கள்ள வாக்கு கண்ணால் கண்ட விசயம். அதனால் அமெரிக்காவின் வாதத்தை அப்படியே தூக்கி இங்கே வைக்க ஏலாது. ஆனால் அந்தக் கன்னியாஸ்திரிகளை நினைத்துக்கொள். அடுத்த கேள்விக்குப் பதில் எழுதும்போது அவர்கள்தான் என் மனதில் இருந்தார்கள்.

புதுக்குடியிருப்பு, ஒரு தாய்: ஐயா, 2009 இல் எல்லாம் போய்விட்டது. ஐ.சியும் இல்லை, பிறப்புப் பத்திரமும் இல்லை. இத்தனை வருசமாக நான் வாக்குப் போடவில்லை. இனி எடுக்க ஏலுமா?

ஏலும் அம்மா. எப்படி என்று சொல்வதற்கு முன், நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும்.

2010 ஏப்ரல், பொதுத்தேர்தல். யுத்தத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இன்னும் சனம் இருந்த நேரம். நான் கடமையில் இருந்த நிலையத்துக்கு ஓர் அம்மா வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த சொப்பிங் பையை அவிழ்த்தார். உள்ளே இன்னொரு பை. அதற்குள் ஐ.சி. தண்ணீர் புகுந்து, லெமினேற் ஓரம் பிரிந்து, படம் இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும்தான் இருந்தது. இலக்கத்தில் முதல் நான்கு எழுத்துத் தெரிந்தது. கடலேரியைக் கழுத்தளவு தண்ணீரில் தாண்டும்போது தலையில் வைத்துக் கொண்டுவந்ததாம். கூடவே முகாமில் கொடுத்த நிவாரண அட்டையை நீட்டினார். அதில் பெயர் இருந்தது, குடும்பத்தில் எத்தனை பேர் என்று இருந்தது, படம் இல்லை. பொறுப்பதிகாரி இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு முடியாது என்றார். சட்டப்படி அவர் செய்தது சரி. அந்த அம்மா சண்டை பிடிக்கவில்லை. ஐ.சியை முதல் பைக்குள் வைத்து, அதை இரண்டாவது பைக்குள் வைத்து, திரும்பவும் முடிந்துகொண்டு போனார். தற்காலிக அட்டை என்று ஒன்று இருப்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் அதற்கு முந்திய கிழமை அந்த முகாமுக்குப் போய்ச் சொல்லவில்லை. அது இன்றைக்கும் எனக்குள் இருக்கிறது.

இனி உங்கள் விசயம். பிறந்த இடத்துப் பதிவாளர் பிரிவு தெரிந்தால், பிரதேச செயலகத்தில் பிறப்புப் பத்திரத்தின் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். தேடிப் பார்த்து இல்லை என்று வந்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். அதை வைத்து உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். ஐ.சி தொலைந்ததற்குப் பொலிஸில் முறைப்பாடு போட்டுப் பிரதி எடுங்கள். இவற்றோடு ஜீ.எஸ்ஸிடம் போங்கள். பழைய இலக்கம் ஏதாவது ஒரு கடதாசியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிள்ளையின் பாடசாலைப் பதிவு, பழைய வங்கிப் புத்தகம் எதிலும் இருக்கலாம். இலக்கம் கிடைத்தால் வேலை பாதியாகக் குறையும். அதோடு இடாப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஐ.சி கிடைத்தும் பெயர் இல்லாவிட்டால் பயனில்லை.

கிளிநொச்சி, விவசாயி: அப்பா மலையகத்தில் இருந்து 77 கலவரத்தில் இங்கே வந்தவர். அவருடைய ஐ.சியில் கடைசி எழுத்து எக்ஸ். வாக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

உங்களைப் போன்ற குடும்பங்கள் வன்னியில் எத்தனையோ. 1958, 1977, 1983 என்று ஒவ்வொரு கலவரத்துக்கும் ஒரு தொகுதி சனம் வந்து காடு வெட்டிக் குடியேறியது. 1948 இல் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை வெளியே தள்ளியது. அடுத்த வருடம் வாக்குரிமையும் போனது. 1964 இல் இலங்கை, இந்தியா என்ற இரண்டு அரசுகள் உட்கார்ந்து ஆட்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்துக்கொண்டன.

பழைய இலக்கத்தில் வீ என்றால் வாக்குரிமை உள்ளவர், எக்ஸ் என்றால் இல்லாதவர் என்பதுதான் வழக்கம். ஆனால் அந்த எழுத்து அட்டை எடுத்த நாளின் நிலையைத்தான் காட்டும். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 இல் இருந்து இங்கே நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுத்துவிட்டது. இன்று வாக்கைத் தீர்மானிப்பது இடாப்பு. இடாப்புக்குக் கணக்கெடுக்கிற நேரம் ஜீ.எஸ்ஸிடம் அப்பாவின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பாதிப் பேர் மறுக்க மாட்டார்கள், அது என் அனுபவம்.

இன்னொரு கிளிநொச்சி வாசகர்: நாங்கள் வன்னித் தேர்தல் மாவட்டம்தானே?

இல்லை. வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தோடு சேர்ந்தது.

லண்டனில் இருந்து ஒரு அக்கா (சொந்த ஊர் மல்லாவி): இங்கேயும் 2023 இல் இருந்து ஐ.சி கேட்கிறார்கள். அம்மா இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். அவவுக்கு வாக்கு இருக்கா?

இருக்கு அக்கா. பொதுநலவாய நாட்டுப் பிரசை, அங்கே சட்டப்படி வதிகிறவர் என்றால் பதிந்து வாக்களிக்கலாம். பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டை நிலையத்தில் ஏற்றுக்கொள்வார்கள். முதியோர் பஸ் அட்டை இருந்தால் அதுவும் செல்லும். இளையவர்களின் ரயில் அட்டை செல்லாது, அதுதான் அங்கே சண்டை. 2023 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் மட்டும் குறைந்தது 14,000 பேர் அட்டை இல்லாமல் திரும்பிப் போய், பிறகு வரவேயில்லை என்று அந்த நாட்டுத் தேர்தல் ஆணைக்குழுவே சொன்னது. ஒன்றுமே இல்லாதவருக்கு இலவசமாக ஒரு வாக்காளர் சான்றிதழ் கொடுக்கிறார்கள். ஆனால் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

கனடா முறை எனக்கு இன்னும் பிடிக்கும். அட்டை இல்லாதவருக்காக, அதே நிலையத்தில் வாக்குள்ள, தன்னை ஆவணத்தால் நிரூபித்த இன்னொருவர் எழுத்தில் உறுதி சொல்லலாம். ஒருவர் ஒருவருக்கு மட்டும். 2014 இல் அதை நிறுத்தினார்கள், 2018 இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2010 இல் நனைந்த ஐ.சியோடு வந்த அந்த அம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் அவருடைய பக்கத்துக் கூடாரத்துக்காரர். இப்படி ஒரு வழி எங்கள் சட்டத்திலும் இருந்தால் பையை முடிந்துகொண்டு அவர் திரும்பிப் போயிருக்க மாட்டார். இதை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

மன்னார், மாந்தை: நான் போகும்போது என் பெயரில் வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்றால்?

வீட்டுக்குத் திரும்ப வேண்டாம். பொறுப்பதிகாரியிடம் உங்கள் ஐ.சியைக் காட்டி, நான்தான் உண்மையான ஆள் என்று வெளிப்படுத்தல் கொடுங்கள். தனியாக ஒரு வாக்குச்சீட்டுத் தருவார்கள். அது பெட்டிக்குள் போகாது, தனி உறையில் வைப்பார்கள், சாதாரண எண்ணிக்கையில் சேராது. ஆனால் பின்னர் வழக்கு என்று வந்தால் அது சாட்சி.

செட்டிகுளம், ஒரு பேரன்: அம்மம்மாவுக்கு 82 வயது. ஐ.சியில் முகம் தெரியவில்லை. தேர்தல் அறிவித்துவிட்டால் நேரம் போதுமா?

புது ஐ.சிக்கு இப்போதே போடு தம்பி, அது தேர்தலுக்குக் காத்திருக்கிற வேலை இல்லை. கூடவே முதியோர் அட்டைக்கும் பிரதேச செயலகத்தில் விண்ணப்பி, 60 வயதுக்கு மேல் யாருக்கும் கொடுப்பார்கள். இரண்டும் வராமல் தேர்தல் வந்தால் தற்காலிக அட்டைக்கு ஜீ.எஸ்ஸிடம் போ. அதற்குக் கடைசித் திகதி தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னரே முடிந்துவிடும். படம் வேண்டும். ஸ்டூடியோவுக்கு அவவைக் கொண்டுபோக ஏலாவிட்டால் படம் எடுக்கிற பெடியனை வீட்டுக்குக் கூப்பிடு. முற்றத்தில் வெளிச்சம் நல்லா இருக்கிற காலை நேரத்தில், சுவரில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி இருத்தி எடுத்தால் போதும்.